ரூல் ஒரு பக்கம், பாக்கெட் ஒரு பக்கம்: எஸ்டி-வேன் பற்றி ஒரு நீண்ட இழை

சிலந்திவலை | 4 மார்ச் 2025, காலை 10:12

ஃபோர்ட்டிகேட் ஃபயர்வால், வெர்ஷன் 7.2, எந்த டிராஃபிக் எந்த நெட் லைன்ல போகணும்னு ரூல் போட்டுப் பிரிச்சு விடற எஸ்டி-வேன் ஆன்ல இருக்கு. ஒரு லீஸ்டு லைன் (எங்களுக்குன்னே தனியா வாடகைக்கு எடுத்தது), ஒரு ஃபைபர் பிராட்பேண்ட். மீட்டிங்குக்கு வெச்சிருக்கற மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் அப்ளிகேஷனை செலக்ட் பண்ணி, லீஸ்டு லைன்ல மட்டும் போகணும்னு மேனுவல் ரூல் போட்டிருக்கேன். லிஸ்ட்ல முதல் ரூல் அதுதான். ஹிட் கவுன்ட்டும் (ரூல் எத்தனை தடவை பொருந்துச்சுங்கற எண்) ஏறுது. ஆனா லாக்கைத் திறந்தா பாதி கால் பிராட்பேண்ட்ல போயிருக்கு. எம்.டி. மீட்டிங்ல குரல் தகர டப்பாவுக்குள்ள இருந்து வருது. போட்ட ரூலையே மதிக்காதுன்னா எதுக்கு இந்த எஸ்டி-வேன்? என்னைக் கேட்டா இது பழைய லோட் பேலன்சிங். பழைய கள்ளு, புது மொந்தை.

கொங்கு ரூட்டர் | 4 மார்ச், 10:40

ரூலில் அப்ளிகேஷன் என்று போட்டதாக நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோளாறு அங்கேதான். இங்கே ஒரு ஸ்விட்ச் செத்துக் கிடக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கொங்கு ரூட்டர் | 4 மார்ச், 12:25

ஒரு கனெக்‌ஷனின் முதல் பாக்கெட் (டேட்டாத் துண்டு) ஃபயர்வாலுக்குள் வரும்போது அதில் என்னென்ன இருக்கும்? அனுப்பியவர் ஐபி, போய்ச் சேர வேண்டிய ஐபி, புரோட்டோகால் (டிசிபியா, யுடிபியா), போர்ட், டிஎஸ்சிபி குறி (பாக்கெட் எவ்வளவு அவசரம் என்று சொல்வது). அவ்வளவுதான். "நான் டீம்ஸ்" என்று எங்கும் எழுதியிருக்காது. டிசிபி என்றால் முதல் பாக்கெட் வெறும் சின் ("பேசலாமா" என்று கேட்பது), உள்ளே டேட்டாவே இல்லை. ஆனால் எந்த லைனில் அனுப்புவது என்பதை அந்தப் பாக்கெட்டை வைத்தே முடிவு செய்தாக வேண்டும். நாலைந்து பாக்கெட் ஓடிய பிறகுதான் அப்ளிகேஷன் கன்ட்ரோல் என்ஜின் "ஓ, இது டீம்ஸ்" என்று கண்டுபிடிக்கும். அதற்குள் அந்தச் செஷன், அதாவது அந்த ஒரு உரையாடல் முழுவதும், உங்கள் ரூலைத் தாண்டிக் கீழே போய், கடைசியில் இருக்கும் இம்ப்ளிசிட் ரூலில் (எதுவும் பொருந்தாததற்குத் தானாகவே இருப்பது) விழுந்து, அது கைகாட்டிய லைனில் கிளம்பிவிட்டது.

கண்டுபிடித்த பிறகு ஃபயர்வால் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும்: இந்த ஐபி, இந்தப் புரோட்டோகால், இந்தப் போர்ட் என்றால் டீம்ஸ். அதே மூன்றுக்கும் அடுத்து வரும் செஷன் உங்கள் ரூலில் சரியாக உட்காரும். ஹிட் கவுன்ட் ஏறுவது அதனால். ஆனால் டீம்ஸின் ரிலே சர்வர் (குரலை நடுவில் நின்று கடத்துவது) ஒன்றா இரண்டா? புது ஐபி வரும்போதெல்லாம் முதல் செஷன் பலி. பாதி கால் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்றால் இதனால்தான்.

இன்னொன்று. இந்தக் கற்றுக்கொள்ளும் வேலை நடக்கவே அந்த ஃபயர்வால் பாலிசியில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதி) அப்ளிகேஷன் கன்ட்ரோல் புரொஃபைல் ஆன் ஆகியிருக்க வேண்டும். எஸ்டி-வேன் ரூலில் அப்ளிகேஷனைச் சேர்த்தாலே போதும் என்று நினைத்து, பாலிசியில் அதைப் போடாமல் விட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே ரூலில் எப்போதுமே ஒரு ஹிட்கூட விழாது.

சிலந்திவலை | 4 மார்ச், 12:31

அப்போ அப்ளிகேஷன் ரூலே வேஸ்ட்டா?

கொங்கு ரூட்டர் | 4 மார்ச், 12:50

வேஸ்ட் இல்லை. "யூடியூபைப் பிராட்பேண்டுக்குத் தள்ளு" என்பதற்கு நன்றாக வேலை செய்யும். நூற்றில் ஐந்து செஷன் லீஸ்டு லைனில் போனால் யாருக்கு நஷ்டம்? முதல் செஷனே சரியாகப் போயாக வேண்டிய இடத்தில்தான் அது உதவாது. மீட்டிங் என்றால் அந்த ஒரு செஷன்தான் மொத்த மீட்டிங்கும்.

டீம்ஸுக்கு ஐபியும் போர்ட்டும் போட்டு எழுதுங்கள். மீடியாவுக்கு யுடிபி 3478 முதல் 3481 வரை, 52.112.0.0/14, 52.122.0.0/15. மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் இவற்றை "ஆப்டிமைஸ்" வகையில் வைத்திருக்கிறது. அதாவது புராக்ஸி, இன்ஸ்பெக்‌ஷன் எதுவும் இல்லாமல் நேரே வெளியே விடு என்று பொருள். குரல், வீடியோ, ஸ்கிரீன் ஷேர் எல்லாம் இதற்குள் வந்துவிடும். சாட்டும் ஃபைலும் டிசிபி 443-இல் போகும். அவை எந்த லைனில் போனாலும் எம்.டி.க்குத் தெரியாது.

பழைய கேபிள் | 4 மார்ச், 15:08

ஐபியைக் கையால அடிக்கறதுக்கு எதுக்குங்க? இன்டர்நெட் சர்வீஸ் டேட்டாபேஸ்ல மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்னு ரெடியாவே இருக்கே. அதுவும் ஐபி-போர்ட் லிஸ்ட்தானே, முதல் பாக்கெட்லயே மேட்ச் ஆகும்.

கொங்கு ரூட்டர் | 4 மார்ச், 16:30

ஆமாம் கேபிள், அதுவும் சரி. பெரும்பாலான இடத்தில் நானும் அதைத்தான் போடுகிறேன். பட்டியல் தானாக அப்டேட் ஆகும், கையால் தொட வேண்டாம். ஆனால் அந்த ஒரு என்ட்ரியில் மீடியாவும் சாட்டும் ஃபைலும் சேர்ந்தே இருக்கும். லீஸ்டு லைன் சின்னதாக இருக்கிற ஆபீஸில் யாரோ ஒருவர் பெரிய வீடியோ ஃபைலை டீம்ஸில் போட்டால், குரலும் ஃபைலும் ஒரே லைனில் முட்டிக்கொள்ளும். அதனால்தான் போர்ட்டைப் பிரித்து எழுதச் சொன்னேன். லைன் பெரிதாக இருந்தால் நீங்கள் சொல்வதே போதும்.

கொங்கு ரூட்டர் | 5 மார்ச், காலை 7:15

இரவு படுத்தபின் தோன்றியது. நேற்று எல்லாவற்றையும் முதல் பாக்கெட்டின் மேல் போட்டுவிட்டேன். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. எஸ்டி-வேன் ரூல் என்பது முதலும் இல்லை, முடிவும் இல்லை.

ஃபோர்ட்டிகேட்டில் வரிசை இப்படி. முதலில் கையால் எழுதிய பாலிசி ரூட் (இந்த டிராஃபிக்கை இந்த வழியில் விடு என்ற கட்டளை). பிறகு இன்டர்நெட் சர்வீஸை வைத்து எழுதிய ரூட். அதற்குப் பிறகுதான் எஸ்டி-வேன் ரூல்கள், மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவதோடு நிற்கும். எதுவும் பொருந்தவில்லை என்றால் ரூட்டிங் டேபிள், அதாவது எந்த ஐபிக்கு எந்த வழி என்ற பட்டியல்; இம்ப்ளிசிட் ரூல் நடப்பது இதை வைத்துத்தான். ஆக, எப்போதோ ஒருவர் அவசரத்துக்குப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போன பாலிசி ரூட் ஒன்று கிடந்தால், நீங்கள் எஸ்டி-வேன் பக்கத்தில் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

ரூல் பொருந்தியும் மீறப்படும் இடம் ஒன்று உண்டு. ரூல் பொருந்தியவுடன் ஃபயர்வால் ரூட்டிங் டேபிளையும் பார்க்கும். அந்த ஐபிக்கான சிறந்த ரூட் எஸ்டி-வேன் மெம்பர் (அதில் சேர்த்த லைன்) எதன் வழியாகவும் இல்லை என்றால் ரூலையே தாண்டிவிடும். ரூல் சொல்லும் மெம்பர் வழியாக அந்த ஐபிக்கு ரூட்டே இல்லை என்றால் அந்த மெம்பரைத் தாண்டிவிடும். எர்ரர் வராது, சிவப்பு விளக்கு எரியாது.

இது எங்கே கடிக்கும்? பழைய பழக்கத்தில் லீஸ்டு லைன் டிஃபால்ட் ரூட்டுக்கு (தனி வழி சொல்லாத எல்லாவற்றுக்குமான வழி) டிஸ்டன்ஸ் 10, பிராட்பேண்டுக்கு 20 என்று வைத்திருப்போம்; சின்ன எண்தான் ஜெயிக்கும். 20 என்பது ரூட்டிங் டேபிளுக்குள்ளேயே வராது. லீஸ்டு லைன் விழும்வரை வெளியே காத்திருக்கும். அப்படி இருக்கும்போது "யூடியூப் பிராட்பேண்டில்" என்று ரூல் எழுதினால் அந்த மெம்பருக்கு ரூட் இல்லை, ரூல் வேலை செய்யாது. டிஸ்டன்ஸ் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னுரிமை வேண்டுமென்றால் பிரையாரிட்டியில் வித்தியாசம் காட்டுங்கள். இரண்டும் டேபிளில் இருக்கும். எஸ்டி-வேன் ஜோனுக்கே (மெம்பர்களின் தொகுப்பு) ஒரு டிஃபால்ட் ரூட் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

பார்க்க வேண்டியவை இரண்டு: "கெட் ரௌட்டர் இன்ஃபோ ரூட்டிங்-டேபிள் ஆல்", "டயக்னோஸ் ஃபயர்வால் பிரூட் லிஸ்ட்". இரண்டாவது, பாலிசி ரூட்டையும் எஸ்டி-வேன் ரூலையும் ஒரே பட்டியலில் வரிசையாகக் காட்டும். அதில் விடபிள்யூஎல் என்று வருவது எஸ்டி-வேன்தான். 6.4-க்கு முன்பு கமாண்ட் லைனில் இதற்கு விர்ச்சுவல் வேன் லிங்க் என்று பெயர். ஊரே பெயர் மாற்றிய பிறகும் இந்தப் பட்டியல் மாற்றவில்லை.

சிலந்திவலை | 5 மார்ச், 18:44

ரூட் சரியா இருக்கு, ரெண்டும் டேபிள்ல இருக்கு. பழைய பாலிசி ரூட் ஒண்ணு இருந்துச்சு, ஆனா அது பிரின்டருக்கு. அழிச்சிட்டேன் (பிரின்டர் இன்னும் ஓடுது). ஐபி-போர்ட் ரூல் போட்டதும் வெளி ஆளுங்களோட மீட்டிங் பூரா லீஸ்டு லைன்ல போகுது, நன்றி. ஆனா பெருந்துறை யூனிட்ல இருக்கறவருகூட ஒருத்தருக்கு ஒருத்தர் கால் போட்டா ரூல்ல ஹிட்டே ஏற மாட்டேங்குது!

கொங்கு ரூட்டர் | 5 மார்ச், 21:10

அந்தக் கால் மைக்ரோசாஃப்டுக்கே போகவில்லை. இருவர் மட்டும் பேசும்போது டீம்ஸ் நேர் வழி கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கும். இரண்டு யூனிட்டுக்கும் நடுவே டன்னல் (இன்டர்நெட் மேல் போட்ட தனி வழி) இருக்கிறது, பிரைவேட் ஐபி பிரைவேட் ஐபியைத் தொட முடிகிறது. மீடியா அதன் வழியே நேராகப் போய்விடும். சேருமிடம் 52.112 அல்ல, உங்கள் பெருந்துறை லேன் (உள் நெட்வொர்க்). மூன்றாவது ஆள் சேர்ந்தால்தான் மைக்ரோசாஃப்ட் பக்கம் போகும்.

இது கோளாறு இல்லை, நல்லதுதான். டன்னல் நல்ல லைனின் மேல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குத் தனி ரூல் வேண்டும்: இரண்டு லைன் மேலும் தனித்தனி டன்னல், இரண்டும் எஸ்டி-வேன் மெம்பர், சேருமிடம் அந்த லேன், யுடிபி. டீம்ஸ் அட்மின் பக்கத்தில் மீடியா போர்ட்டுகளை நிலைப்படுத்தி வைத்திருந்தால் இன்னும் எளிது. அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் வரம்பு குரலுக்கு 50000 முதல் 50019, வீடியோவுக்கு 50020 முதல் 50039, ஸ்கிரீன் ஷேருக்கு 50040 முதல் 50059. ஆனால் இவை அனுப்புபவர் பக்கத்துப் போர்ட். ரூலில் எந்தப் பக்கம் போடுகிறோம் என்று கவனம்.

யுடிபி எங்காவது அடைபட்டிருந்தால் டீம்ஸ் டிசிபி 443-க்கு இறங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கால் நடக்கும், தரம் இருக்காது, நம் அழகான ரூலும் காலியாக இருக்கும்.

பழைய கேபிள் | 6 மார்ச், 9:20

டிஎஸ்சிபி வெச்சு மேட்ச் பண்ணினா எல்லாமே ஒரே ரூல்ல முடிஞ்சிருமே?

கொங்கு ரூட்டர் | 6 மார்ச், 9:45

மேசை மேல் இருக்கும் ஐபி போன் என்றால் முடியும். குரல் பாக்கெட்டுக்கு இஎஃப், அதாவது 46, என்று போனே குறி போட்டு அனுப்பும். ரூலில் டாஸ் பைட்டாக (இந்தக் குறி உட்காரும் எட்டு பிட்) கேட்பதால் 46-ஐ அப்படியே அடிக்கக் கூடாது; இரண்டு பிட் இடப்பக்கம் நகர்ந்து 184, ஹெக்ஸில் 0xபி8. கணினியில் ஓடும் டீம்ஸ் என்றால் விண்டோஸ் பக்கத்தில் குரூப் பாலிசி (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் செட்டிங்) போட்டால்தான் குறி விழும். அதைப் போட உங்கள் டெஸ்க்டாப் டீம் சம்மதிக்குமா? எங்கள் டீமிடம் கேட்டால் டிக்கெட் போடச் சொல்வார்கள். அந்த டிக்கெட் போகும் பாதைக்குத்தான் முதலில் ஒரு எஸ்டி-வேன் ரூல் எழுத வேண்டும்.

கொங்கு ரூட்டர் | 8 மார்ச், 22:30

கேட்கப்படாத ஒன்றை எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்து இதுதான் வரும்.

லீஸ்டு லைன் விழுந்தது. எல்லாம் பிராட்பேண்டுக்குத் தாவியது. லைன் திரும்பி வந்தது. புது செஷன் எல்லாம் லீஸ்டு லைனில். ஆனால் ஐபி போன்கள் மட்டும் நாள் கணக்கில் பிராட்பேண்டிலேயே கிடக்கும். ரூலைப் பார்த்தால் சரி, ஹெல்த் செக் (பிங் அனுப்பி லைன் நலமா என்று பார்ப்பது) பச்சை, ரூட் சரி.

பெருந்துறை போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பின்னாலேயே பாயின்ட் டு பாயின்ட் வந்தாலும் இறங்கி மாற முடியாது, செஷனும் அப்படித்தான். அதிலும் நேட் செய்யப்பட்ட (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றி அனுப்பிய) செஷன் என்றால் வெளி உலகத்துக்கு அது பிராட்பேண்ட் ஐபியாகத் தெரிந்துவிட்டது. நடுவில் லைனை மாற்றினால் எதிர்முனை "நீ யார்" என்று கேட்கும். அதனால் டிஃபால்ட்டாக ஃபோர்ட்டிகேட் நேட் செஷனைப் பழைய லைனிலேயே முடியும்வரை விட்டுவிடுகிறது. வெப் பிரவுசிங் என்றால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சிப் ரிஜிஸ்ட்ரேஷன் (ஐபி போன் தன் சர்வரிடம் வைக்கும் பதிவு) முடியாது. யுடிபி செஷன் 180 விநாடி சும்மா இருந்தால்தான் காலாவதி. போனோ 30 விநாடிக்கு ஒருமுறை "இருக்கேன், இருக்கேன்" என்று தட்டிக்கொண்டே இருக்கும். செஷன் சாகவே சாகாது.

வழி இரண்டு. ஸ்நேட்-ரூட்-சேஞ்ச் என்று சிஸ்டம் குளோபலில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதை ஆன் செய்தால் ரூட் மாறும்போது நேட் செஷனும் திரும்ப ஆராயப்படும். ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொருந்தும். பெரிய ஃபைல் பாதியில் இறக்கிக்கொண்டிருப்பவரும் அறுபடுவார். அல்லது லைன் வந்த பிறகு அந்த சிப் சர்வர் ஐபியை ஃபில்டரில் போட்டு, அந்தச் செஷன்களை மட்டும் கையால் அழிக்கலாம். நான் இரண்டாவதை ஒரு சின்ன ஆட்டோமேஷனாக வைத்திருக்கிறேன்.

ஃபில்டர் போடாமல் செஷன் கிளியர் அடித்தால் பெட்டியில் இருக்கும் அத்தனை செஷனும் போகும், நீங்கள் கமாண்ட் அடித்துக்கொண்டிருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு உட்பட. பிறகு போன் அடிக்க ஆரம்பிக்கும். ஐபி போன் அல்ல, கைபேசி.

சிலந்திவலை | 9 மார்ச், 11:02

மேனுவல் ரூலை விட்டுட்டு எஸ்எல்ஏ ரூலுக்கு (லைன் தரத்துக்கு வரம்பு வெச்சு, பாஸ் ஆகற லைனை எடுக்கறது) மாத்தினேன். ஹெல்த் செக் பூரா சிவப்பு. ரெண்டு லைனும் எஸ்எல்ஏ ஃபெயில். ஆனா நெட் நல்லாவே ஓடுது.

கொங்கு ரூட்டர் | 9 மார்ச், 11:20

டிஃபால்ட்டைத் தொடாமல் சேவ் செய்திருப்பீர்கள். லேட்டன்சி (தாமதம்) 5 மில்லிவிநாடி, ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 5, லாஸ் (தவறும் பாக்கெட்) 0. எந்த பிராட்பேண்ட் இதில் பாஸ் ஆகும்? எந்த மெம்பரும் எஸ்எல்ஏவைத் தொடவில்லை என்றால் லைன் செத்துவிட்டதாகக் கருதாது. காஸ்ட் (லைனுக்கு நாம் வைத்த செலவு எண்), அதற்குப் பிறகு வரிசை என்று பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நெட் ஓடுகிறது. ஆனால் ரூல் அறிவோடு எதையும் செய்யவில்லை, மேனுவல் ரூலைப் போலத்தான் நடக்கிறது.

குரலுக்கு ஐடியு-டி ஜி.114 (சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை) சொல்வது ஒரு வழிக்கு 150 மில்லிவிநாடி. ஹெல்த் செக் பிங் அளப்பது போய்த் திரும்பும் நேரம். இந்த இரண்டையும் குழப்பி 150 என்று வைப்பவர்கள் உண்டு. குழப்பம்தான், ஆனாலும் கெடுதல் இல்லை, பாதுகாப்பான பக்கமே நிற்கிறது. நானும் 150 வைக்கிறேன், ஜிட்டர் 30, லாஸ் 2 சதவீதம்.

லாஸை 0 என்று வைக்காதீர்கள். 100 பிங்கில் ஒன்று தவறினாலே 1 சதவீதம். அரை விநாடிக்கு ஒரு பிங் என்றால் 100 பிங் என்பது 50 விநாடி. வழியில் ஏதோ ஒரு ரூட்டர் சோம்பேறித்தனமாக ஒரு பிங்கை விட்டதற்கு உங்கள் ரூல் லைன் மாறும், மறுபடி திரும்பும், மறுபடி மாறும். புது செஷன் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் சிதறும். லாக்கை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

கொங்கு ரூட்டர் | 9 மார்ச், 11:48

பிங் எதை நோக்கி? எல்லோரும் கூகுளின் 8.8.8.8 போடுகிறார்கள். அது எனிகாஸ்ட் (ஒரே ஐபிக்குப் பல ஊரில் சர்வர்), உங்கள் ஐஎஸ்பி கூகுளோடு சென்னையிலேயே இணைந்திருந்தால் சில மில்லிவிநாடியில் பதில் வரும். அதே ஐஎஸ்பி மைக்ரோசாஃப்டுக்கு எங்கேயோ சுற்றிக்கொண்டு போகலாம். நீங்கள் அளப்பது கூகுளுக்கான பாதை, அனுப்புவது டீம்ஸ். ஐஎஸ்பியின் கேட்வேயை (லைனின் மறுமுனையில் இருக்கும் அவர்கள் பெட்டி) பிங் செய்வது இன்னும் மோசம்: அதற்கு அப்பால் எல்லாம் அறுந்து கிடந்தாலும் பச்சையாகவே காட்டும். இரண்டு சர்வர் போடுங்கள், வெவ்வேறு ஆட்களுடையது. இரண்டும் பதில் தராவிட்டால்தான் லைன் செத்ததாக எடுத்துக்கொள்ளும். டிஃபால்ட்டில் அரை விநாடிக்கு ஒன்று, தொடர்ந்து 5 தவறினால் இறப்பு. இரண்டரை விநாடியில் தெரிந்துவிடும்.

மாடிவீடு | 12 மார்ச், 14:15

மூணாவது மெம்பரா 4ஜி சிம் வெச்சிருக்கேன், அவசரத்துக்கு. யாருமே பயன்படுத்தல, ஆனா டேட்டா குறைஞ்சுக்கிட்டே வருது. ஏன்?

கொங்கு ரூட்டர் | 12 மார்ச், 14:40

பயன்படுத்துவது ஹெல்த் செக். அரை விநாடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 1,72,800 பிங். ஒரு பாக்கெட் 60 பைட் என்று வைத்து, போக வர 120 பைட். நாளுக்கு ஏறக்குறைய 20 எம்பி, மாதத்துக்கு 600 எம்பிக்கு மேல். இரண்டு சர்வர் என்றால் இரட்டிப்பு. சிம்முக்குத் தனி ஹெல்த் செக் வையுங்கள், இடைவெளியை நீட்டுங்கள். அவசர லைன் செத்திருப்பதை இரண்டரை விநாடியில் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பாஸிவ் முறையும் இருக்கிறது: ஓடும் டிராஃபிக்கை வைத்தே அளக்கும், பிங் அனுப்பாது. ஆனால் அதை ஆன் செய்த ஃபயர்வால் பாலிசிக்கு ஹார்டுவேர் ஆஃப்லோட் (வேலையைத் தனிச் சிப்பிடம் தள்ளுவது) கிடையாது, சிபியூ ஏறும். தவிர, சும்மா இருக்கும் சிம்மில் அளக்க டிராஃபிக்கே இல்லை, ஆக உங்களுக்கு அது பொருந்தாது.

பழைய கேபிள் | 20 மார்ச், 10:05

எங்க அக்கவுன்ட்ஸ் அம்மா ஒரே புகார். பேங்க் சைட்ல லாகின் பண்ணி ரெண்டு நிமிஷத்துல வெளிய தள்ளிருது. பேங்க்ல கேட்டா "உங்க நெட் சரியில்லை".

கொங்கு ரூட்டர் | 20 மார்ச், 10:50

இந்தத் தடவை பேங்க் சொல்வது சரி. லாகின் ஒரு ஐபியிலிருந்து, அடுத்த கிளிக் வேறு ஐபியிலிருந்து வந்தால் சில சைட்கள் வெளியே தள்ளிவிடும். இம்ப்ளிசிட் ரூலின் டிஃபால்ட் சோர்ஸ் ஐபி முறை: ஒரு கணினி எப்போதும் ஒரே லைனில். யாரோ அதை "சோர்ஸ்-டெஸ்டினேஷன்" அல்லது "செஷன்" என்று மாற்றியிருப்பார்கள், இரண்டு லைனும் சமமாக நிரம்பட்டும் என்று. லாகின் சர்வர் ஒரு ஐபி, மற்றவை வேறு ஐபி. ஆளுக்கொரு லைனில் போகும்.

அக்கவுன்ட்ஸ் கணினிகளைச் சோர்ஸாக வைத்து, லீஸ்டு லைன் மட்டும் என்று ஒரு ரூலை மேலே போடுங்கள். சேருமிடத்தை வைத்து எழுதப் போகாதீர்கள். பேங்க் எத்தனை சர்வர் வைத்திருக்கிறது என்று நமக்குச் சொல்லப் போவதில்லை. அந்த அம்மாவின் கணினி ஐபியோ முதல் பாக்கெட்டிலேயே தெரியும்.

ஆனால் லீஸ்டு லைன் விழுந்தால் அந்த ரூல் செயலற்றுப் போய், டிராஃபிக் அடுத்த ரூலுக்கு இறங்கி, பிராட்பேண்டில் வெளியே போகும். பேங்க் நம் லீஸ்டு லைன் ஐபியை மட்டும் அனுமதித்திருந்தால் "அனுமதி இல்லை" என்று வரும், அம்மா பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்து அக்கவுன்ட்டையே லாக் செய்வார். லைன் இல்லாதபோது பேஜே திறக்காமல் இருப்பது மேல் என்றால், அக்கவுன்ட்ஸிலிருந்து பேங்க் ஐபிகளுக்குப் பிராட்பேண்ட் வழியாகப் போவதை ஃபயர்வால் பாலிசியில் தடுங்கள். அதை எஸ்டி-வேன் ரூலால் செய்ய முடியாது. ரூல் வழி காட்டும், கதவை மூடாது.

கொங்கு ரூட்டர் | 20 மார்ச், 11:30

மேலே பேங்க் ஐபி என்று எளிதாக எழுதிவிட்டேன், "டொமைன் பெயரைப் போட்டால் போதாதா" என்று இருவர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். போடலாம். ஆனால் பாக்கெட்டில் பெயர் இருக்காது, ஐபிதான் இருக்கும். ஃபயர்வால் தன் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டு, வந்த ஐபியை வைத்துப் பொருத்தும். உங்கள் கணினி வேறு டிஎன்எஸ்ஸைக் கேட்டால், சிடிஎன் (ஒரே சைட்டைப் பல ஊர் சர்வரிலிருந்து தரும் சேவை) பின்னால் இருக்கும் சைட் என்றால், அதற்கு வேறு ஐபி வரும். ரூல் பொருந்தாது. இரண்டும் ஒரே டிஎன்எஸ்ஸைக் கேட்க வையுங்கள். முன்னால் நட்சத்திரக் குறி போட்ட பெயர் இன்னும் வேறு: தன் வழியாகப் போகும் டிஎன்எஸ் பதிலை எட்டிப் பார்த்துத்தான் ஃபயர்வால் கற்றுக்கொள்ளும். பிரவுசரில் டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் (டிஎன்எஸ் கேள்வியைப் பூட்டி அனுப்புவது) ஆன் ஆகியிருந்தால் எட்டிப் பார்க்க எதுவும் இல்லை.

பழைய கேபிள் | 20 மார்ச், 11:41

அக்கவுன்ட்ஸ் அம்மா பேங்க் அக்கவுன்ட்டை லாக் பண்ணிட்டாங்க. உங்க நோட் பத்து நிமிஷம் லேட்.

நைட் ஷிப்ட் | 24 மார்ச், 2:17

நாங்க சிஸ்கோ. இங்கேயும் இதே கதையா?

கொங்கு ரூட்டர் | 24 மார்ச், 8:05

வியாபாரப் பெயர்கள் வேறு, அடிப்படை அதே. எஸ்டி-வேன் கம்பெனியான விப்டெலாவை 2017-இல் சிஸ்கோ வாங்கியது; இன்று நீங்கள் பார்ப்பது அந்தக் குடும்பம்தான். மேலிருந்து கீழே வரிசை, முதலில் பொருந்துவதோடு நிற்பது, அப்ளிகேஷனை முதல் பாக்கெட்டில் அறிய முடியாதது எல்லாம் ஒன்றே. பெரிய வித்தியாசம், ரூலை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதாமல் கன்ட்ரோலரில் எழுதித் தள்ளுவீர்கள்.

ஒரு டிஃபால்ட்டைப் பார்த்துவிடுங்கள். டன்னல் உயிரோடு இருக்கிறதா என்பதை பிஎஃப்டி (இரு முனையும் ஒன்றையொன்று தட்டிப் பார்க்கும் முறை) விநாடிக்கு ஒருமுறை கேட்டு, 7 தவறினால் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும், அது வேகம்தான். ஆனால் லைன் விழவில்லை, தரம் மட்டும் கெட்டுவிட்டது என்றால், அப்ளிகேஷன் ரூட்டிங்குக்கான கணக்கு 10 நிமிட இடைவெளி, அப்படி 6 இடைவெளியின் சராசரி. அதாவது ஒரு மணி நேரத்துப் பழைய நிலவரமும் சராசரியில் கலந்திருக்கும். மீட்டிங் முடிந்த பிறகு லைன் மாறும். இந்த எண்களைக் குறைக்கலாம், மிகவும் குறைத்தால் மேலே லாஸ் 0 பற்றிச் சொன்ன ஆட்டம் இங்கே வரும். புது வெர்ஷன்களில் வேறு வழிகளும் தந்திருக்கிறார்கள்.

மாடிவீடு | 2 ஏப்ரல், 17:50

ரெண்டு லைனும் ஒரே நேரத்துல போச்சு. ஜேசிபி. ரோடு போடறாங்களாம்.

கொங்கு ரூட்டர் | 2 ஏப்ரல், 18:20

இரண்டு ஐஎஸ்பி, இரண்டு பில், ஒரே குழி. லீஸ்டு லைன் வாங்கும்போது கேபிள் எந்தத் தெரு வழியாக, எந்தக் கம்பத்திலிருந்து உள்ளே வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சேல்ஸ் ஆளுக்குத் தெரியாது, லைன்மேனுக்குத் தெரியும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் மேப்பே வரைந்து தருவார். ஒன்று மண்ணுக்குள், ஒன்று கம்பத்தின் மேல், அல்லது ஒன்று ரேடியோ என்று இருக்கட்டும். உங்கள் சிம்முக்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கும், சம்பாதிக்கட்டும்.

மாடிவீடு | 2 ஏப்ரல், 18:33

சிம் ஓடுது. ஆனா அதுல டன்னல் ஏற மாட்டேங்குது.

கொங்கு ரூட்டர் | 2 ஏப்ரல், 18:45

சிம்முக்கு வந்த ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் இருக்கிறதா? அப்படியானால் சிஜிநேட் (சிம் கம்பெனி ஒரு வெளி ஐபியைப் பலருக்குப் பங்கிடுவது) பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து உங்களைக் கூப்பிட முடியாது, நீங்கள்தான் ஹெட் ஆபீஸைக் கூப்பிட வேண்டும். சில கம்பெனிகள் 10-இல் ஆரம்பிக்கும் ஐபியும் தருவார்கள், அதுவும் அதே கதைதான். ஹெட் ஆபீஸ் பக்கம் டயல்-அப் வகையாக (எந்த ஐபியிலிருந்து கூப்பிட்டாலும் ஏற்பது) வைத்து, நேட் டிராவர்சல் (டன்னல் நேட்டைத் தாண்ட உதவுவது) ஆன் செய்து, கிளையிலிருந்து கிளம்ப விடுங்கள்.

மாடிவீடு | 2 ஏப்ரல், 19:30

ஏறிடுச்சு.

சிலந்திவலை | 11 ஏப்ரல், 9:12

கடைசி சந்தேகம். யூசர் டிராஃபிக் எல்லாம் ரூல்படி போகுது. ஆனா ஃபயர்வால்ல இருந்து நானே பிங் அடிச்சா ரூலை மதிக்காம வேற லைன்ல போகுது. ஃபயர்வாலோட டிஎன்எஸ்ஸும் அப்படித்தான்.

கொங்கு ரூட்டர் | 11 ஏப்ரல், 9:40

பெட்டியே கிளப்பும் டிராஃபிக் டிஃபால்ட்டாக எஸ்டி-வேன் ரூலுக்குள் வராது, நேராக ரூட்டிங் டேபிளைப் பார்க்கும். டிஎன்எஸ், லாக் அனுப்புவது, அப்டேட் இவற்றுக்கெல்லாம் தனித்தனியே இன்டர்ஃபேஸ்-செலக்ட்-மெத்தட் என்று ஒரு வரி இருக்கிறது, அதை எஸ்டி-வேன் என்று மாற்றினால் ரூலுக்குள் வரும். டிஎன்எஸ்ஸுக்குக் கட்டாயம் மாற்றுங்கள்: தடுமாறும் லைனில் டிஎன்எஸ் மாட்டிக்கொண்டால், மற்ற ரூல் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் ஆபீஸ் முழுக்க "நெட் ஸ்லோ" என்பார்கள்.

ரூலைச் சோதிக்க ஃபயர்வாலிலிருந்து பிங் அடிக்காதீர்கள். யூசர் கணினியிலிருந்து அனுப்பி, செஷன் லிஸ்டில் அந்த ஐபியை ஃபில்டர் செய்து, எந்த ரூல் நம்பர், எந்த இன்டர்ஃபேஸ் என்று பாருங்கள். டிராஃபிக் லாக்கில் எஸ்டி-வேன் ரூல் பெயருக்கான நெடுவரிசை மறைந்திருக்கும், அதையும் எடுத்து வெளியே வையுங்கள்.